சாலைத் தமிழருக்கு வீடு எங்கே? ஒத்தியா, ஃபிளாட்டா, எல்லைக்கு அப்பாலா?

திருவனந்தபுரத்தின் பழைய சந்தையான சாலைக் கம்போளத்தில் பலசரக்குக் கடையிலோ தங்கப் பட்டறையிலோ வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் பிழைக்க மூன்று வழி உண்டு: கடைக்குப் பக்கத்துச் சந்திலேயே ஒத்திக்கோ வாடகைக்கோ இருப்பது, அரசு ஃபிளாட்டுக்குக் காத்திருப்பது, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி மனை வாங்கிக்கொண்டு தினம் ரயிலேறுவது. விலையை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் ஜெயிக்கும். ஆனாலும் என் ஓட்டு முதலாவதற்கே.

எல்லைக் கணக்கை முதலில் பார்ப்போம். கேரளத்தில் நிலம் வாங்கினால் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் 7 + 2. பெண்கள் பெயரில், 10 லட்சத்துக்குள் என்றால் 2025 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணத்தில் இன்னும் ஒரு சதவீதம் குறைவு. 8 லட்ச ரூபாய் மனைக்கு இங்கே 80,000, அங்கே பெண் பெயரில் 64,000. இந்த 16,000-க்காக யாரும் எல்லை தாண்டுவதில்லை. சாலையில் ஒரு சென்டுக்குக் கேட்கிற பணத்தில் குழித்துறைப் பக்கம் வீடே கட்டுகிற அளவுக்கு மனை கிடைக்கும், அதுதான் இழுப்பு. கூடவே தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வந்தால், தகுதி இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை.

ஆனால் களியக்காவிளை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நாகர்கோவில் எழுபது. சீசன் டிக்கெட் மலிவுதான், நேரம்தான் மலிவில்லை. காலை ஒன்பதுக்கு ஷட்டர் தூக்கி ராத்திரி கணக்கு முடிக்கிற ஆளுக்கு, கடைசிச் சரக்கு வண்டி தாமதமானால் ரயிலும் போச்சு. ஆபீஸ் உத்தியோகக்காரர்களுக்கு ஒத்துவரும் ஏற்பாடு இது, கடைச் சிப்பந்திக்கு அல்ல.

அரசு ஃபிளாட் கிடைத்தால் அதிர்ஷ்டம். 2016-இல் கேரளம் தொடங்கிய லைஃப் மிஷன் என்ற வீட்டுத் திட்டம் வீடு கட்ட 4 லட்சம் தருகிறது, ஆனால் அது நிலம் இருப்பவருக்கு. நிலமே இல்லாதவர்களை மூன்றாம் கட்டத்தில் வைத்து, அடுக்குமாடி என்று சொன்னார்கள். நம் ஆள் நிற்பது அந்த வரிசையில்தான். சாலைக்குப் பின்புறம் கரிமடம் காலனியில், குறைந்த செலவில் வீடு கட்டும் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு வடிவமைத்த அடுக்குவீடுகளைப் போய்ப் பார்க்கலாம். குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போடாமல், இருந்த இடத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். எல்லை தாண்டிக் கேரள ரேஷன் கார்டை ஒப்படைத்தவர் இந்த வரிசையை மறந்துவிட வேண்டியதுதான்.

இனி சந்து. கீழே கடை, மேலே செங்குத்தான மரப்படி ஏறினால் முன்னறை, அதைத் தாண்டி அடுக்களை, பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. மழை பலத்தால் தெருத் தண்ணீர் முதல் படி வரை வரும். ஒத்திக்கு எடுத்தால் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம், காலம் முடிந்ததும் பணம் திரும்பும். இங்கே மலையாளிகள் இதையே பணயம் என்பார்கள். கடை நடந்துபோகும் தூரம், பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளியும் பக்கத்திலேயே.

சிக்கல் வேறிடத்தில். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்துக் கம்போளம் இது. இங்கே தலைமுறைகளாகக் கடை வைத்தவர்களின் பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். மாடிகள் ஒன்று குடோனாகின்றன, இல்லை வங்காள, அசாம் தொழிலாளர் அறைகளாகின்றன. ஓர் அறையை ஆறு பேர் பங்கிட்டால் ஒரு குடும்பம் தருவதைவிட வாடகை கூடவே வரும். வீட்டுக்காரர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? வந்தவர்கள்மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை, அவர்களுக்கும் போக்கிடம் இல்லை. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் 2019-இல் வெளிமாநிலத் தொழிலாளர் 620 பேர் தங்கும் 'அப்னா கர்' விடுதி திறந்தார்கள். அந்த மாதிரி ஒன்று சாலையை ஒட்டிய கிழக்கேகோட்டைப் பக்கம் வந்தால், சந்து மாடிகள் மறுபடி குடும்பங்களுக்குக் கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் சுமார் 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இங்கே பஞ்சம் வீட்டுக்கல்ல, கட்டுப்படியாகிற வாடகைக்கு.

எனவே ஐந்தாறு வருஷத்துக்குச் சாலையில் வேலை உறுதி என்றால் ஒத்திக்கே போங்கள், லைஃப் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். வீட்டில் யாராவது நாகர்கோவில் பக்கம் வேலை பார்த்தால் மட்டும் எல்லைக்கு அப்பால் மனை. ஒத்திப் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றும் நடப்பு நிலவரி ரசீதும் பார்த்து, பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால், வீட்டை விற்றுவிட்டுப் போகிறவரிடம் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.