இணையத்தில் பழகியவர்களோடு ஸ்கூபா பயணம்: தங்கும் படகா, ரிசார்ட்டா, கரையா?

இரண்டு வருடமாகத் தினமும் பேசிக்கொள்கிறோம். யார் எந்தக் கடலில் மாண்டா திருக்கையைப் பார்த்தார், யாருக்குக் காது அடைப்பு சீக்கிரம் விடாது, யார் புது ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வாங்கினார் எல்லாம் எங்களுக்குள் அத்துப்படி. ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. போன மாதம் ஒருவர், "எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது டைவிங் போகலாமா?" என்று கேட்டார். அன்று ராத்திரிக்குள் பதினொரு பேர் சரி என்றுவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே விவாதம் ஆரம்பித்துவிட்டது. லிவ்அபோர்ட் என்கிற தங்கும் படகிலேயே ஒரு வாரம் இருப்பதா, ரிசார்ட்டில் தங்கித் தினமும் படகில் போய்வருவதா, கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய இடமாகப் பார்ப்பதா?

வேறு வேறு குழுக்களோடு இந்த மூன்று விதமாகவும் நான் போயிருக்கிறேன். பொதுவாக இவற்றை ஒப்பிடும்போது ஒரு நாளைக்கு எத்தனை டைவ், பவளப்பாறை எப்படி இருக்கும், செலவு எவ்வளவு என்றுதான் பேச்சு போகும். முன்பின் பார்க்காதவர்களோடு போகும்போது நான் அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதும் தண்ணீருக்குள் அவர் இருக்கும் விதமும் ஒத்துப்போகாவிட்டால், அந்த ஏற்பாடு அதைத் தாங்குமா? யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் 60 டைவ் முடித்தவர் இன்றைக்கும் தன்னை அதே ஆளாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். உடம்பு பாதியை மறந்துவிட்டது என்பது கடலில் இறங்கும்வரை அவருக்கே தெரியாது.

தங்கும் படகு

ஆசை என்று பார்த்தால் முதலிடம் இதற்குத்தான். காலையில் கண்விழித்தால் டைவ் செய்யும் இடத்தின் மேலேயே மிதந்துகொண்டிருப்போம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு டைவ் கிடைக்கும். சில இடங்களுக்கு வேறு வழியே கிடையாது. ஈக்வடாரின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டார்வின், உல்ஃப் தீவுகளில் டைவ் செய்யத் தங்கும் படகில்தான் போக முடியும். பிலிப்பைன்ஸின் துபத்தாஹா பவளப்பாறையும் அப்படித்தான். அதுவும் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் பருவம். அங்கேதான் போக வேண்டும் என்று மனசு நிலைத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

நட்புக்கும் படகு நல்லது. ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே மேல்தளத்தில் உடை காயப்போட்டு ஏழு நாள் இருந்தால், இரண்டு வருடம் பேசித் தெரியாதது தெரிந்துவிடும்.

ஆனால் படகிலிருந்து யாரும் பாதியில் இறங்கிப் போக முடியாது. நான் போன படகில் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். 80 டைவ் என்று சொல்லியிருந்தார், அது உண்மையும்கூட. முதல் நாள், 20 மீட்டர் ஆழம், பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தேன். இறங்கி 15 நிமிடம்தான் ஆகியிருக்கும். கைகளைத் துடுப்பு போல வீசிக்கொண்டே இருந்தார். பின்னால் மணல் கிளம்பிக்கொண்டிருந்தது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பார் என்ற அளவில் காட்டும் அவருடைய கேஜைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். திருப்பினார், முள் 90 பாரில் நின்றது. என்னுடையது 140. அவர் மாஸ்க்குக்குள் கண் விரிந்ததை நான் பார்த்தேன். அவரும் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, குழுவாகப் போகிற எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அதனால் காற்றும் மூன்று மடங்கு வேகமாகத் தீரும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருக்கிறது, 50 பாரைத் தொடாமல் வைத்துக்கொள்கிறோம் என்றால் கையில் இருப்பது 1,650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 14 லிட்டர் மூச்சு இழுப்பவருக்கு அது 39 நிமிடம் வரும். பதற்றத்தில் 25 லிட்டர் இழுப்பவருக்கு 22 நிமிடம்தான். பல கைடுகள் ஒருவருக்குக் காற்று குறைந்தால் மொத்தக் குழுவையும் மேலே கூட்டிப்போய்விடுவார்கள். அப்போது அத்தனை பேருக்கும் அன்றைய டைவ் 22 நிமிடம். அதே படகு, அதே ஆட்கள், இன்னும் ஆறு நாள். அவர் தினமும் மன்னிப்புக் கேட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சங்கடம்தான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது.

இடம் கடினமானால் இது வெறும் சங்கடத்தோடு நிற்காது. செங்கடலில் பிரதர்ஸ், டீடலஸ் போன்ற நடுக்கடல் பாறைகளில் நீரோட்டம் பலமாக இருக்கும், பாறைச் சுவர் நேராக ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் அங்கே போகும் படகுகள் 50 டைவ் பதிவு கேட்கின்றன. 50 என்கிற எண்ணிக்கையோடு, கடைசி டைவ் எப்போது என்பதையும் நம் குழுவுக்குள் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் படகே எப்படிப்பட்டது என்று பார்ப்பது. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கடலில் கான்செப்ஷன் என்ற டைவ் படகு அதிகாலையில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். ராத்திரியில் சுற்றிவந்து பார்க்கும் காவல் ஆள் அந்தப் படகில் இல்லை என்பதை விசாரணை முக்கியமான தவறாகச் சொன்னது. அதைப் படித்ததிலிருந்து எந்தப் படகுக்கும் முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்கிறேன்: ராத்திரிக் காவல் யார், அறைகளிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே திறக்கிறது, டார்ச், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போட வேண்டும். "படுக்கைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கலாம்" என்று பெருமையாகச் சொல்லும் படகு எனக்கு வேண்டாம்.

அறை விஷயமும் சின்னது அல்ல. படகில் பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர். நேரில் பார்க்காத ஒருவரோடு ஒரு வாரம் சின்ன அறையில் படுப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. குழுவில் பெண்கள் இருந்தால், யார் யாரோடு என்பதை அவர்களே முதலில் முடிவு செய்யட்டும். மிச்சம் இருக்கும் அறைகளை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டதால் கடைசி வாரத்தில் ஒரு தோழி பயணத்தையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ரிசார்ட்டும் தினசரிப் படகும்

இதில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டு டைவ், கூட ஒன்று மாலையில். போக வர நேரம் வீண். கடல் கொந்தளித்தால் படகே கிளம்பாது. மாலையில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், "சேர்ந்து வந்தோம்" என்ற உணர்வு குறையும். இவ்வளவும் குறைதான்.

ஆனால் நான் முன்னால் கேட்ட கேள்விக்கு இதுதான் நல்ல பதில் வைத்திருக்கிறது. முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் எல்லாரையும் இறக்கிப் பார்த்துவிட்டு, டைவ் சென்டர் இரண்டு மூன்று சின்னக் குழுவாகப் பிரித்துவிடும். 18 மீட்டர்வரை போகக்கூடிய ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ்காரர்கள் ஒரு கைடோடு, 30 மீட்டர்வரை போகக்கூடிய அட்வான்ஸ்டு என்ற அடுத்த நிலை ஆட்கள் இன்னொருவரோடு. கேமராக்காரர்கள் தனியாக, அவர்கள் ஒரு நத்தைக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்பார்கள், அது அவர்கள் உரிமை. ஒருவருக்கு மூக்கடைப்பு என்றால், "இன்னிக்கு நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கலாம். படகிலும் டைவை விடலாம்தான். ஆனால் பத்து பேர் தயாராகிக் கொண்டிருக்கும் தளத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல நிறைய பேருக்கு வாய் வராது. சொல்ல முடியாமல் இறங்குவதுதான் ஆபத்து.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், டைவ் செய்யாத கணவனோ மனைவியோ கூட வரலாம். யாரென்று தெரியாதவர்களோடு ஒருவர் கடலுக்குப் போகிறார் என்ற வீட்டின் கவலை பாதி குறையும்.

தினசரிப் படகில் ஒன்றை மட்டும் டைவ் சென்டரிடம் முழுசாக விட்டுவிடாதீர்கள். தலை எண்ணுவது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு தம்பதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கிடைக்கவே இல்லை. எங்கள் குழுவில் நாங்கள் எண்ண மாட்டோம், பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அவரவர் வாயால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பதில் சொன்னால் செல்லாது. புதுமுகங்கள் என்பதால் முகத்தை வைத்து யார் குறைகிறார் என்று நமக்குப் பிடிபடாது, அதற்காகவே இது.

கரையிலிருந்து இறங்குவது

இதற்குப் பேர்போன இடம் கரீபியனில் உள்ள பொனேர் தீவு. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டி, நடந்து இறங்கிவிடலாம். தீவைச் சுற்றிய கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. புதிதாக வருபவர்கள் முதலில் விளக்கம் கேட்டு, ஒரு சோதனை டைவ் செய்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். நல்ல வழக்கம்.

கைக்கு அடக்கமான செலவு, நேரக் கட்டாயம் கிடையாது, இஷ்டப்பட்ட ஆழத்தில் நின்றுகொள்ளலாம். ஆனால் கைடு இல்லை. எல்லா முடிவையும் எடுக்கப்போவது ஜோடியாகச் சேர்ந்து இறங்கும் இருவர்தான். இருவருமே இன்றுதான் முதன்முதலாகக் கைகுலுக்கினார்கள் என்றால், ஒருவர் சைகை மற்றவருக்குப் புரியுமா, மாற்று ரெகுலேட்டர் எந்தப் பக்கம் தொங்குகிறது, பிரிந்துபோனால் எத்தனை நிமிடம் தேடிவிட்டு மேலே வருவது எதுவும் பழகியிருக்காது. தவிர, முழு உபகரணத்தோடு வழுக்கும் பாறையில் அலைக்கு நடுவே நடப்பது முழங்கால் சரியில்லாதவர்களுக்குப் பெரிய பாடு. ஏற்கெனவே சேர்ந்து டைவ் செய்தவர்களுக்கு இது அருமையான தேர்வு. முதல் சந்திப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

பணம் யார் கையில்?

குழுக்கள் உடைவது கடலில் இல்லை, இங்கேதான். ஒருவர் எல்லாரிடமும் வாங்கி மொத்தமாகக் கட்டுவது ஒரு வழி. ஒவ்வொருவரும் நேரடியாகக் கட்டுவது இன்னொன்று. முழுப் படகையும் வாடகைக்கு எடுத்தால் முதல் வழியைத் தவிர்ப்பது கஷ்டம். ஒருவர் விலகினால் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். ரிசார்ட்டில் அவரவர் அறைக்கு அவரவர் கட்டிவிடலாம், விலகினால் நஷ்டம் அவரோடு போகும். முன்பின் தெரியாதவர்களுக்கு நேரடியாகக் கட்டுவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம், அதற்காகக் கொஞ்சம் சலுகை போனாலும் பரவாயில்லை.

சலுகை என்றதும் ஒன்று. இத்தனை பேர் சேர்ந்தால் ஓர் இடம் இலவசம் என்று பல படகுகள் தரும். ஏற்பாடு செய்பவர் அதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, அவ்வளவு வேலை இருக்கிறது. ஆனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரியவந்து, ஒரு நல்ல குழு கசப்பாகப் பிரிந்ததை நான் அறிவேன்.

எதைத் தேர்ந்தாலும் விடாத சில

டைவ் சென்டர் தரும் மருத்துவப் படிவத்தை அங்கே போய் முதன்முதலில் பார்க்காதீர்கள். ஆஸ்துமா, இதயம், சமீபத்திய அறுவை சிகிச்சை என்று ஏதாவது ஒரு கேள்விக்கு "ஆம்" வந்தால் பெரும்பாலும் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். கரையில் இருந்தால் டாக்டரைத் தேடலாம். படகு கிளம்பிய பிறகு எங்கே போவது? கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒவ்வொருவரும் தனியாக நிரப்பிப் பார்த்துக்கொள்ளட்டும், குழுவுக்குக் காட்ட வேண்டியதில்லை.

விமானம். பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விட்டுத்தான் பறக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. படகில் கால அட்டவணையே இதைப் பார்த்துக்கொள்ளும். ரிசார்ட்டில் ஆளுக்கொரு விமானம், அதனால் கடைசி நாள் டைவை யார் விட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். டைவிங்கால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் தரும் அழுத்த அறைச் சிகிச்சையின் செலவை ஏற்கும் டைவிங் காப்பீடு இல்லாதவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை, எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.

எங்கள் பதினொரு பேருக்கு நான் ரிசார்ட் என்று சொன்னேன். ஐந்து நாள், முதல் டைவ் 10 மீட்டரைத் தாண்டாது, பணம் அவரவர் நேரடியாக. அதில் ஒத்துப்போகிறவர்கள் அடுத்த வருடம் படகு பார்க்கலாம். படகுக்கு ஆசைப்பட்ட நான்கு பேர் முதலில் மனசு ஒடிந்தார்கள். அப்புறம் எல்லாரும் டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கின் கடைசி ஐந்து பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன், என்னுடையதை முதலில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் யாரும் அனுப்பவில்லை. பிறகு அந்த நான்கு பேரில் ஒருவரிடமிருந்து எனக்குத் தனியாக வந்தது: "கடைசியா இறங்கி மூணு வருஷம் ஆச்சுங்க. சொல்லத் தயக்கமா இருந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி நீச்சல் குளத்துல ஒரு ரெஃப்ரெஷர் பயிற்சி முடிச்சிட்டு வந்துடறேன், சரியா?" மறுநாள் அவரே அதைக் குழுவிலும் எழுதினார். சாயங்காலத்துக்குள் இன்னும் இருவர், தங்களுக்கும் ரெஃப்ரெஷர் வேண்டும் என்று சேர்ந்துகொண்டார்கள்.