100 வெற்றி அணியும் 84 வெற்றி அணியும் மோதும் காலை: கேம்டேயா, சாவண்டா?

அக்டோபரில் விடிகாலை ஐந்தரை மணிக்குப் புளியரைப் பக்கம் முழித்திருப்பவர்கள், மலை ஏறிக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகும் லாரிக்காரர்களும் அவர்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுப்பவர்களும்தான். அமெரிக்க பேஸ்பாலின் ப்ளேஆஃப், அதாவது வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும் இறுதிச்சுற்று ஆட்டங்கள் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். கிழக்குக் கரை மைதானத்தில் இரவு 8.08க்கு முதல் பந்து என்றால் நமக்குக் காலை 5.38. லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை 6.08 என்றால் நமக்கு 6.38. காட்டுப்பக்கம், மழைக்காலம், அரைகுறை சிக்னல். இந்த நிலையில் வீடியோவை நம்பி உட்காருவதைவிட, எழுத்தாகவும் புள்ளியாகவும் ஆட்டத்தைத் தொடர்வது தோதாக இருக்கும்.

அதற்கு எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால்) நிர்வாகமே தரும் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று எம்எல்பி ஆப்பில் பந்துக்குப் பந்து ஆட்டத்தைக் காட்டும் கேம்டே, இன்னொன்று பேஸ்பால் சாவண்ட் என்ற புள்ளிவிவர இணையதளம். இரண்டுக்கும் காசு கிடையாது. நேரலை வீடியோவுக்கான சந்தா தனி. அது இந்த மதிப்புரையில் இல்லை. பலமான அணியும் பலவீனமான அணியும் மோதும் ஒரு ப்ளேஆஃப் ஆட்டத்தை முன்கூட்டியே எடை போட இவை எவ்வளவு உதவும் என்பதை மட்டும் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்டத்துக்கு முந்தின இரவு சாவண்ட், முதல் பந்து விழுந்தபின் கேம்டே. கேம்டேயின் முன்னோட்டப் பக்கத்தை மட்டும் பார்த்து "இது ஒருதலை ஆட்டம்" என்று முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள். அந்தப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது அணிகளின் வெற்றி-தோல்விக் கணக்கும், ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்களின் (பந்துவீச்சாளர்களின்) சீசன் மொத்தமும். ப்ளேஆஃபில் மிகக் குறைவாக உதவுகிற எண்கள் அவைதான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 162 ஆட்டங்களில் 100 வென்றால் அது மாபெரும் அணி. ஆனால் அந்த அணியும் 62 முறை தோற்றிருக்கிறது, அதாவது பத்துக்கு நான்கு. 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 100 வெற்றியோடு வந்தார்கள், அரிசோனா டயமண்ட்பேக்ஸ் 84 வெற்றியோடு. 16 ஆட்ட வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதுபோலத் தெரியும். இரு அணிகளின் வெற்றி விகிதத்தை வைத்து ஓர் ஆட்டத்தின் வாய்ப்பைச் சொல்லும், பேஸ்பால் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸின் லாக்-5 கணக்கைப் போட்டுப் பாருங்கள். பலமான அணியின் வெற்றி விகிதம் 0.617, எதிரணியின் தோல்வி விகிதம் 0.481; பெருக்கினால் 0.297. மறுபக்கம் 0.519ஐ 0.383ஆல் பெருக்கினால் 0.199. இரண்டையும் கூட்டி, அதில் முதல் எண்ணின் பங்கைப் பார்த்தால் சுமார் 60 விழுக்காடு. ஒற்றை ஆட்டத்தில் 60-40, அவ்வளவுதான் அந்த மலையும் மடுவும். இதே 60ஐ வைத்துக்கொண்டால், மூன்று ஆட்டத் தொடரில் பலமான அணி வெல்லும் வாய்ப்பு 65, ஐந்து ஆட்டத்தில் 68, ஏழில் 71. தொடர் நீள நீளத்தான் பலம் தெரியும், அதுவும் மெதுவாக.

அந்த 2023 தொடரில் என்ன நடந்தது? முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஒரே ஒரு அவுட் மட்டும் எடுத்து ஆறு ரன் கொடுத்தார், முடிவு 11-2. மூன்றாவது ஆட்டத்தில் லான்ஸ் லினின் பந்துவீச்சில் ஒரு இன்னிங்ஸுக்குள்ளேயே அரிசோனா நான்கு ஹோம் ரன் (வேலியைத் தாண்டிய அடி) அடித்தது. தொடர் 3-0. அதற்கு முந்தின வருடம் 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸை 89 வெற்றி சான் டியேகோ 3-1 என்று வீட்டுக்கு அனுப்பியது.

நம் பக்கத்தில் பள்ளி, கல்லூரி சாஃப்ட்பால் வழியாக இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு தப்புக் கணக்கோடு வருவார்கள். சாஃப்ட்பாலில் கீழ்க்கையால் வீசும் நல்ல பிட்சர் ஒருவரே டோர்னமென்ட் முழுக்கத் தாங்குவார். அதனால் பலமான அணி எல்லா நாளும் பலமான அணி. பேஸ்பாலில் மேல்கையால் வீசும் ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு) வழக்கமாக நான்கைந்து நாள் ஓய்வு தேவை. ஆகவே இன்றைய டாட்ஜர்ஸ் வேறு, நாளைய டாட்ஜர்ஸ் வேறு. எடை போட வேண்டியது அன்றைக்குப் பந்துவீசும் மேட்டில் ஏறும் ஆளையும் அவருக்குப் பின்னால் வரப்போகிறவர்களையும்.

ஸ்டார்ட்டரில் தொடங்குவோம். சாவண்டில் வரப்போகும் பிட்சர்களுக்கென்று தனிப் பக்கம் உண்டு. அதில் ஒரு அணிக்குப் பெயர் போடாமல் விட்டிருந்தால், இன்னும் முடிவாகவில்லை என்றோ, ரிலீவர்களை (இடையில் வந்து வீசும் பிட்சர்களை) வைத்தே ஆட்டத்தை ஓட்டப் பார்க்கிறார்கள் என்றோ எடுத்துக்கொள்ளலாம். பெயர் இருந்தால் அதைத் தொட்டு வீரரின் பக்கத்துக்குப் போங்கள். மேலே சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் இருக்கும். சிவப்பு என்றால் லீக்கில் மேல்வரிசை, நீலம் என்றால் கீழ்வரிசை. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது முழு சீசனின் கதை. கீழே இறங்கி, கடைசி மூன்று ஆட்டங்களில் அவருடைய ஃபோர்-சீம் (நேராக வரும் வேகப் பந்து) வேகம் என்ன என்று பாருங்கள். சீசன் சராசரி 96 மைலாக இருந்து இப்போது 94க்கு வந்திருந்தால் ஆள் களைத்திருக்கலாம், அல்லது தோளில் ஏதோ இருக்கலாம். இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன் சராசரி) இதைக் காட்டவே காட்டாது.

இன்னொன்று, எத்தனை வகைப் பந்து கைவசம் வைத்திருக்கிறார் என்பது. ஒரே பேட்டர் மூன்றாவது முறை எதிர்கொள்ளும்போது பிட்சரின் பாச்சா பலிப்பது குறையும். இது பல ஆண்டுத் தரவுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. இரண்டே வகைப் பந்து வைத்திருக்கும் பிட்சரை மேனேஜர் 18 பேட்டர்கள் முடிந்ததும் இறக்கிவிடப் பார்ப்பார். அப்படியானால் நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸிலேயே புல்பென் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) கதவு திறக்கும். அங்கேதான் பலவீனமான அணிக்கு வழி பிறக்கிறது.

புல்பென் கணக்குக்கு இரண்டு வசதியிலும் சுலப வழி இருப்பதாகத் தெரியவில்லை. கையால்தான் எடுக்க வேண்டும். கேம்டேயில் கடந்த மூன்று ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் முழுப் புள்ளி அட்டவணையை) ஒவ்வொன்றாகத் திறங்கள். பிட்சர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் 'பிட்சஸ்-ஸ்ட்ரைக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு ரிலீவருக்கு 27-16 என்று இருந்தால், வீசியது 27 பந்து, அதில் ஸ்ட்ரைக் (பிட்சருக்குச் சாதகமான பந்து) 16. முந்தின நாள் 25க்கு மேல் வீசியவரை மறுநாள் அநேகமாக எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து வீசியவர் மூன்றாம் நாள் வந்தாலும் பந்தில் கூர்மை குறைந்திருக்கும். அதே பொடி எழுத்தில் இன்னொரு வரி, ஏற்கெனவே பேஸில் ஆள் நிற்கும்போது உள்ளே வந்த ரிலீவர் அவர்களில் எத்தனை பேரை ரன் எடுக்க விட்டார் என்பது. அந்த ரன்கள் முந்தின பிட்சரின் கணக்கில் எழுதப்படும், இவர் இ.ஆர்.ஏ. சுத்தமாகவே இருக்கும். நல்ல எண்ணோடு மோசமாக வீசுகிற ஆளை இந்த வரியில்தான் பிடிக்கலாம். ஒரு தாளில் ஐந்தாறு பெயரும் மூன்று நாள் எண்ணும் எழுத இருபது நிமிடம் ஆகும். ஆனால் மற்ற எல்லாப் புள்ளிவிவரத்தையும்விட இந்தத் தாள்தான் ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பேசும்.

ஒரு விதியும் நினைவில் இருக்கட்டும். 2020 முதல் ரிலீவர் ஒருவர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், இல்லையேல் அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். இடது கை பேட்டர் ஒருவருக்காக மட்டும் இடது கைப் பிட்சரைக் கொண்டுவந்து உடனே மாற்றும் பழைய தந்திரம் இப்போது செல்லாது. அதனால் பேட்டிங் வரிசையில் இடது, வலது எப்படிக் கலந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். வரிசை ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் வெளியாகும். நமக்கு அது நடுராத்திரி தாண்டி. தூக்கத்தைக் கெடுக்காமல் காலையில் எழுந்ததும் பார்த்தால் போதும்.

சாவண்டின் தேடல் பக்கத்தில் ஒரு பொறி உண்டு. சீசன் வகை என்ற இடத்தில் வழக்கமான சீசன்தான் முன்னதாகவே தேர்வாகியிருக்கும். ப்ளேஆஃப் பந்துகள் வேண்டுமென்றால் நீங்களே மாற்ற வேண்டும். மாற்றாமல் தேடிவிட்டு "இவர் ப்ளேஆஃபில் வீசவே இல்லை" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. மாற்றினாலும் ப்ளேஆஃபில் ஒரு பிட்சர் வீசிய 150 பந்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வர வேண்டாம். அட்டவணைகள் அகலமானவை, போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் கை வலிக்கும். போனைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள், அல்லது கணினியில் பாருங்கள்.

இனி கேம்டே. ஆட்டம் தொடங்கியபின் இதற்கு இணையில்லை. ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரைக் கட்டத்தில் ஒரு புள்ளியாக விழும்: சிவப்பு ஸ்ட்ரைக், பச்சை 'பால்' (கட்டத்துக்கு வெளியே போக, பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து), நீலம் என்றால் அடித்து ஆட்டத்துக்குள் போன பந்து. கட்டத்தின் அகலம் ஹோம் பிளேட்டின் 17 அங்குலம். உயரம் பேட்டருக்குப் பேட்டர் மாறும். புள்ளி கோட்டுக்கு வெளியே இருந்தும் ஸ்ட்ரைக் கொடுத்தால் உடனே அம்பயரைத் திட்டாதீர்கள். புள்ளியைப் பந்தின் நடுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தின் விட்டம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விளிம்பு கோட்டைத் தொட்டாலே ஸ்ட்ரைக்தான். 2026 சீசனிலிருந்து பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டி அம்பயர் முடிவை எதிர்க்கலாம். அணிக்கு இரண்டு வாய்ப்பு, சரியாக எதிர்த்தால் வாய்ப்பு குறையாது.

பந்து வகையின் பெயரை முழுக்க நம்ப வேண்டாம். ஸ்லைடரா, ஸ்வீப்பரா, கட்டரா என்பதைக் கணினிதான் பிரிக்கிறது. பின்னால் திருத்தப்படுவதும் உண்டு. வேகத்தை நம்பலாம். ஸ்டார்ட்டரின் முதல் இன்னிங்ஸ் வேகத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நான்காவதில் ஒப்பிட்டால், மேனேஜர் எழுந்து வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெற்றி வாய்ப்பைக் காட்டும் கோடு ஸ்கோர், இன்னிங்ஸ், அவுட், பேஸில் நிற்கும் ஆட்கள் இவற்றோடு நகர்வது. புல்பென்னில் யாருக்குக் கை வலிக்கிறது என்பதை அதில் தேடிப் பயனில்லை. அதற்குத்தான் அந்தத் தாள்.

நம் எல்லைப் பகுதிக்குக் கேம்டே பொருந்துவதற்கு இன்னொரு காரணம் சிக்னல். பகவதிபுரம் தாண்டி ரயில் குகைக்குள் நுழைந்தால் ஆரியங்காவு வரை போன் சும்மா. வெளியே வந்ததும் கேரள டவரைப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். வீடியோவாக இருந்தால் போனது போனதுதான். கேம்டேயோ, இணைப்பு திரும்பியதும் விட்டுப்போன பந்துகளை வரிசையாக எழுதிக் காட்டும். ஸ்ட்ரீமில் பார்ப்பவர்கள் மட்டும் ஆப்பின் அறிவிப்பை அணைத்து வையுங்கள். வீடியோ பின்தங்கும்போது ஹோம் ரன் செய்தி முன்னாலேயே வந்து காரியத்தைக் கெடுக்கும்.

இந்த முறையை 2025 வைல்ட் கார்டு தொடரில் (ப்ளேஆஃபின் முதல் சுற்றில்) பொருத்திப் பார்க்கலாம். டாட்ஜர்ஸ் 93 வெற்றி, சின்சினாட்டி ரெட்ஸ் 83. லாக்-5 கணக்கில் 56-44, கிட்டத்தட்ட சமம். ஆனால் பிட்சர் பக்கத்தைத் திறந்தால் வேறு படம். மூன்றே ஆட்டத் தொடர், எல்லாம் டாட்ஜர் ஸ்டேடியத்தில், முதல் இரண்டு நாளும் பிளேக் ஸ்னெல், யோஷினோபு யமமோட்டோ. ரெட்ஸ் பக்கம் ஹன்டர் கிரீன் 100 மைல் வீசுபவர்தான்; ஆனால் 100 மைலை அடிக்கத் தெரிந்த ஷோஹேய் ஓட்டானிதான் எதிரில் முதல் பேட்டர். அவர் முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் அடித்தார். கிரீன் மூன்று இன்னிங்ஸில் வெளியேறினார், ஸ்னெல் ஏழு இன்னிங்ஸ் வீசினார். டாட்ஜர்ஸின் ஓட்டை எங்கே என்று புல்பென் தாள் முன்பே சொல்லியிருக்கும்: எட்டாவது இன்னிங்ஸில் ரிலீவர்கள் வந்ததும் ரெட்ஸ் மூன்று ரன் எடுத்தார்கள். அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது, 10-5. மறுநாள் 8-4. ரெட்ஸ் எதிரணி ஸ்டார்ட்டரை ஐந்தாவது இன்னிங்ஸிலாவது இறக்கியிருந்தால் கதை மாறியிருக்க வாய்ப்பிருந்தது. இரண்டு நாளும் அது நடக்கவில்லை.

பழைய ஆட்டங்களைத் தேடும்போது தேதியில் கவனம். அந்த முதல் ஆட்டம் அங்கே செப்டம்பர் 30 மாலை; நமக்கு அக்டோபர் 1 காலை. கெர்ஷா ஆட்டம் அங்கே அக்டோபர் 7, நமக்கு 8. நம் நாட்காட்டியில் உள்ள தேதியைப் போட்டால் வேறு ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர் வந்து நிற்கும், புல்பென் தாளும் ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.