வெந்நீர் ஊற்றுக்கு ஆல்வினா, ஜேசனா?

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளை ஆராய அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனம் ஆல்வின், ஜேசன் இரண்டையும் இயக்குகிறது. ஆல்வின் ஒரு சிறிய நீர்மூழ்கி, மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து இறங்கலாம். ஜேசன் ஆளில்லா ரோபோ, கப்பலோடு கேபிளால் இணைந்தது. இரண்டும் 6,500 மீட்டர் வரை போகும்.

நேரம்தான் பெரிய வித்தியாசம். ஆல்வின் காலையில் இறங்கினால் மாலைக்குள் மேலே வந்தாக வேண்டும். ஜேசனோ ஒரு நாளுக்கு மேலும் அடியிலேயே வேலை செய்யும். கப்பலில் ஆட்கள் ஷிஃப்ட் மாறிக்கொள்வார்கள். 350 டிகிரி நீர் பீறிடும் இடத்துக்குப் பக்கத்தில் உயிர்ப்பயமும் இல்லை.

ஆனாலும் 1977-இல் பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகள் அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் ஊற்றைச் சுற்றி உயிர்கள் மொய்ப்பதை மனிதர்கள் நேரில் கண்டது ஆல்வின் ஜன்னல் வழியாகத்தான். (வெப்பத்தை முதலில் காட்டிக்கொடுத்தது ஆளில்லாக் கேமரா வண்டி, அது வேறு கதை!) நாள் முழுக்க மாதிரி சேகரிக்க ஜேசன் சரி, புது இடத்தைச் சுற்றிப் பார்க்க என் ஓட்டு ஆல்வினுக்கே.