இரத்தசோகைக்கு வீட்டுச் செவிலியர் சேவை: செவிலியருக்கு முழு மதிப்பெண், நிறுவனத்துக்குப் பாதி

என் மாமியாருக்காக மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் வீட்டுச் செவிலியர் சேவையைச் சில மாதங்கள் பயன்படுத்தினோம். நல்ல செவிலியர் அமைந்தால் கொடுக்கும் பணம் தகும் என்பதும், அவரை அனுப்பும் நிறுவனத்தின் பேச்சை அப்படியே நம்பக் கூடாது என்பதும் என் கருத்து.

எழுபதைக் கடந்த மாமியாருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.6 கிராம்தான் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, 8க்குக் கீழே இறங்கினால் கடுமையானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. முதல் வருகையில் செவிலியர் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துவிட்டு, மாத்திரை டப்பா முழுவதையும் மேசையில் கொட்டச் சொன்னார். தைராய்டு மாத்திரையோ கால்சியமோ இரும்புச்சத்தோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது என்பதால், விடியற்காலையில் தைராய்டு மாத்திரை, பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றுடன் இரும்புச்சத்து, இரவு உணவுக்குப் பின் கால்சியம் என்று நேரம் பிரித்து, மருத்துவரிடம் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டார். காப்பியை நிறுத்தச் சொல்லவில்லை (சொல்லியிருந்தால் மறுநாள் அவரை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்). இரும்புச்சத்து மாத்திரைக்கு அருகில் மட்டும் வேண்டாம் என்றார்.

அந்த டப்பாவில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரைகளும் இருந்தன. அவை வயிற்றில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யக்கூடியவை. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது இயல்புதான். ஆனால் தார் போல ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் இருந்தால் அது இரத்தக் கசிவாக இருக்கலாம் என்று விளக்கி, செவிலியர் எழுதிக் கொடுத்த குறிப்போடு மருத்துவரிடம் சென்றதால்தான் எண்டோஸ்கோபி செய்யப்பட்டு இரைப்பைப் புண் தெரியவந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கசிவை நிறுத்தாது.

நிறுவனத்தைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சொல்ல முடியவில்லை. இரும்புச்சத்து டிரிப்பை வீட்டிலேயே ஏற்றலாம் என்று அவர்களுடைய அலுவலகம் வற்புறுத்தியது. அரிதாக என்றாலும் கடும் ஒவ்வாமை வரக்கூடிய மருந்து அது என்பதால், உயிர்காக்கும் வசதி உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும், ஏற்றிய பின் அரை மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும் என்று சொல்லி அந்தச் செவிலியரே மறுத்துவிட்டார். அவர் விடுப்பெடுத்த நாட்களில் பயிற்சி இல்லாத உதவியாளரை அனுப்பிவிட்டு, கட்டணத்தை மட்டும் குறைக்காமல் வசூலித்தார்கள். ஆகவே பணம் கட்டுமுன், வருபவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தானா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். இரத்த மாதிரியை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒரே ஆய்வகம் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகக் கேட்ட பிறகே முடிவுகளை ஒப்பிட முடிந்தது.

இப்போது ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியிருக்கிறது. அளவு இயல்பான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மூன்று மாதம் மாத்திரையைத் தொடர மருத்துவர் சொல்லியிருக்கிறார். தலைசுற்றல் நின்று அவர் தாமாகவே நடமாடுவதால், மாத்திரை சாப்பிடுவதற்குச் செவிலியர் தேவையில்லை என்று சேவையை நிறுத்திவிட்டோம்.