18,500 ரூபாய் கொடுத்து அடுத்தவர் டயட் சார்ட்டை வாங்கிய கதை (உடம்பு ஏற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்)

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு அந்த ஆன்லைன் கோச் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போனது 18,500 ரூபாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், எனக்கு இது சின்னத் தொகை இல்லை. பெயர் போடவில்லை. ரீல்ஸில் சிக்ஸ் பேக் காட்டி, 'உங்களுக்கென்றே தயாரித்த பிளான்' விற்கும் பக்கம், அவ்வளவுதான்.

ஏன் போய் விழுந்தாய் என்று கேட்பீர்கள். குழப்பம்தான். ஒரு வருடமாக ஜிம் போகிறேன். எடை 84 கிலோ, தொப்பை அப்படியே இருக்கிறது. ஜிம் மாஸ்டர், தினம் 10 முட்டை வெள்ளைக்கரு சாப்பிடு, சோற்றைத் தொடாதே என்கிறார். பக்கத்தில் பெஞ்ச் பிரஸ் போடும் அண்ணன், மஞ்சள் கருவைக் குப்பையில் போடுகிறவன் முட்டாள் என்கிறார். ஒரு வீடியோவில் எடை கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அடுத்ததில் 2.2 வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ, 2024 மே மாத வழிகாட்டுதலில், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பொடி சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொன்னது. அம்மா அதை எங்கேயோ கேட்டுவிட்டு இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். பயிற்சியிலும் இதே கதைதான். பாடிபில்டர் அர்னால்ட் செட் மேல் செட்டாக அடுக்கியவர் (நிறுத்தாமல் தொடர்ந்து பல தடவை தூக்கினால் அது ஒரு செட்). இன்னொரு பாடிபில்டர் மைக் மென்ட்சர், இனி தூக்கவே முடியாது என்ற அளவுக்குப் போய் ஒன்றிரண்டு செட் போட்டால் போதும் என்றவர். 1980-ல் சிட்னியில் மிஸ்டர் ஒலிம்பியா பாடிபில்டிங் போட்டி மேடையில் இரண்டு பேருமே நின்றார்கள். அவர்களே ஒத்துப்போகவில்லை, நான் எம்மாத்திரம்?

அந்த நேரத்தில்தான் வீடியோ கால். 40 நிமிடம் பேசினார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, ஷிப்மென்ட் நாளில் எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், முட்டி வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார். அந்தப் பேனாவைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். "குழப்பத்தை எங்கிட்ட விட்டுடுங்கண்ணா, நீங்க சாப்பிட மட்டும் செய்யுங்க" என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் 18,500. மூன்று மாத கோச்சிங் 12,000. "கடையில வாங்கினா டூப்ளிகேட் வருங்கண்ணா, நானே அனுப்பறேன்" என்று புரதப் பவுடருக்கு 6,500. கால் முடிவதற்குள் ஜிபே செய்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர். மூன்றாம் பக்கத்தில், 'மாதவிடாய் நாட்களில் கார்டியோவைக் குறைத்துக்கொள்ளவும்'. அதற்குக் கீழே எடை 58 கிலோ. யாரோ ஒரு பெண்ணுக்குப் போட்ட சார்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேட்டால், "டைப்பிங் மிஸ்டேக்குண்ணா" என்கிறார்.

சரி என்று அதிலேயே ஓட்டினேன். அரிசி அறவே கூடாது, வாரம் 6 நாள், ஒரு பாகத்துக்கு 20 செட். மூன்றாவது வாரம் முட்டி வீங்கியது. அப்புறம் அசிஸ்டன்ட் கோச் என்று ஒருவர் வந்தார். நாலு வேளையும் சோறு சாப்பிடுங்கள், வாரம் 3 நாள், ஒரே செட் போதும் என்றார். எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் சரிதாண்ணா, பாடியை ஷாக் பண்றோம்." எந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பணம் கட்டினேனோ, அதையே திருப்பி எனக்கு விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "பிராசஸை நம்புங்கண்ணா." "சார் காம்பெடிஷன்ல இருக்காரு." "ரீஃபண்ட் டீம் கூப்பிடும்." ரீஃபண்ட் டீமும் கூப்பிட்டது, பேசியது அதே அசிஸ்டன்ட் கோச், குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு! கடைசியில், 'அனுப்பிய பிளானுக்குப் பணம் திரும்பாது' என்று ஒரு மெசேஜ். நான் பதில் டைப் செய்து முடிப்பதற்குள் புரொஃபைல் படம் காணாமல் போனது. 18,500 ரூபாய்!

பவுடர் டப்பாவை நேற்றுதான் சரியாகப் பார்த்தேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். இதில் விரல் வைத்து மூன்று தடவை எண்ணினேன், 13தான். மூடி சரியாக மூடாமல் ஒரு வாரம் சமையல்கட்டில் கிடந்தது, எறும்புகூட மொய்க்கவில்லை.

எதையெல்லாம் பார்த்துக் கோச் பிடிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். கோச்சே பவுடரும் விற்றால் நகர்ந்துவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை, கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வலித்தால் டாக்டரிடம் போங்கள், நான் 9 நாள் தாமதித்தேன். நுகர்வோர் உதவி எண் 1915, இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அடுத்தது அங்கேதான்.

இதே மாதிரி பிளான் யாராவது வாங்கியிருந்தால், மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 84 கிலோ என்று இருந்தால் அது என்னுடையது.