நிறுத்தி வைப்பதா, ஓட்டிப் பார்ப்பதா? பழைய எஞ்சின்களுக்கு இரண்டு வழி

இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்திடம் இரண்டு விதமும் உண்டு. 1938-இல் மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்டு என்ற நீராவி எஞ்சின் கூரைக்கடியில் நிற்கிறது. 1923-இல் பிறந்த ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற எஞ்சினோ, சுமார் 42 லட்சம் பவுண்டு செலவில் பழுது பார்க்கப்பட்டு 2016-இல் மறுபடி தண்டவாளம் ஏறியது.

ஓடும் எஞ்சினின் கவர்ச்சியே தனி. சூடான எண்ணெய் வாசமும் நீராவியின் பெருமூச்சும் நின்றுபோன இரும்பிடம் கிடைக்காது. ஆனால் கொதிகலன் குழாய்கள் அரிக்கும், தகடு தேயும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பிரித்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பழைய உலோகம் கொஞ்சம் வெளியே போய், புதியது உள்ளே வரும். அப்புறம் எது அசல்?

நிறுத்தி வைப்பது மலிவுதான், கூரை இருந்தால். வெட்டவெளியில் விட்ட மர ரயில்பெட்டியின் பெயிண்ட் பளபளக்கும். ஜன்னலடிச் சட்டத்தை விரலால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போகும்.

ஒரே வகையில் நாலைந்து மிஞ்சியிருந்தால் ஒன்றை ஓட்டலாம், தனிப் பிரதியைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. சரி, ஏ3 என்ற எஞ்சின் வகையில் மிஞ்சியதே ஸ்காட்ஸ்மேன் ஒன்றுதான். இருந்தும் அது ஓடும்போது ஓரமாக நின்று பார்க்க எனக்கும் ஆசைதான்.