மூன்று வருடம், முப்பத்துச் சொச்சம் அமாவாசை

தங்கச்சிமடத்திலிருந்து மச்சினன் நேற்று இரவு போன் செய்தான். அவன் மகளுக்கு அரசுக் கல்லூரிக் கவுன்சிலிங்கில் கேட்ட பாடம் கிடைக்கவில்லையாம். "மச்சான், நம்ம பாப்பா படிச்ச காலேஜ்ல இன்னும் சீட்டு இருக்காம். போடலாமா?" என்றான். வேண்டாம் மாப்ளே என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குக் காலையில்தான் அதே கல்லூரிக்கு மகளோடு டி.சி. வாங்கப் போய், வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்று திரும்பியிருந்தேன். அந்தக் கடுப்பில் வந்த பதில் அது.

இன்று காலையில் யோசித்தபோது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது. படகு இன்ஜின் எப்படி என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுகிற மெக்கானிக் நான். மூன்று வருடம் பிள்ளையை அனுப்பிய இடத்துக்கு ஒரே வார்த்தைதானா? அதனால் அவனுக்காகவும், இந்தப் பக்கம் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கல்லூரிப் பெயர் வேண்டாம். ராமநாதபுரம் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு அரைக் கிலோமீட்டர் உள்ளே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ். நாங்கள் இருப்பது பாம்பன். 2022-ல் மகள் பி.காம். கேட்டாள். அங்கே பி.காம். சுயநிதிப் பிரிவில் மட்டும்தான், பீஸ் மூன்று மடங்கு. வரலாறு உதவி பெறும் பிரிவில் இருந்தது. வரலாற்றில் சேர்த்தேன். அவளுக்கு வருத்தம்தான். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பீஸைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம், தேர்வுக் கட்டணம் தனி. ஆனால் அதைக் கட்டச் சொல்லும் மாதம்தான் சிக்கல். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகெல்லாம் கரையேறும், எங்களுக்கு ராத்திரி பகலாக வேலை இருக்கும். ஆனால் காசு வராது. "கடலுக்குப் போயிட்டு வந்து தர்றேன்" என்பார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எனக்குப் பணம் கைக்கு வருவது ஜூன் கடைசியில். கல்லூரிக்காரர்கள் கேட்பதோ அதற்கு முன்பே. முதல்வரைப் பார்த்து இந்தக் கணக்கைச் சொன்னேன். இரண்டு தவணையாகக் கட்டச் சொல்லி அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த இரண்டு வருடமும் நான் கேட்காமலே அப்படித்தான் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அவள் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அவள் சேர்ந்த வருடம் செப்டம்பரில்தான் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய் நேரே அவள் கணக்குக்கு வந்துவிடும். கையில் நிற்காது, பஸ்ஸுக்குப் போய்விடும். மகளிருக்கு டிக்கெட் இல்லை என்பதெல்லாம் டவுன் பஸ்ஸில். எங்கள் வழியில் அவளுக்கு நேரத்துக்குக் கிடைத்ததெல்லாம் புறநகர்ப் பேருந்து. போக 27, வர 27. மாதத்துக்குக் கூட்டினால் அரசு கொடுத்த ஆயிரத்துக்கு மேல் நான் நூற்றைம்பது போட வேண்டியிருக்கும்.

கட்டடம், கேன்டீன் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாயில் உப்புத் தண்ணீர், குடிக்க வீட்டிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில். கேன்டீன் என்பது ஒரு கொட்டகை. பப்ஸ், டீ, வெள்ளிக்கிழமை மட்டும் புரோட்டா. உப்புக்காற்றில் ஃபேன் இறக்கை எல்லாம் துருப்பிடித்துச் செதில் செதிலாக விழும் என்பாள். நம் ஊரில் எங்கேதான் விழவில்லை?

நான் எதிர்பார்க்காதது வேறு. வகுப்பில் மொத்தம் 19 பேர். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், மண்டபம் முகாம் என்று நாலா பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வாத்தியாருக்கு ஒவ்வொருவருடைய வீட்டுக் கதையும் தெரியும். இரண்டாம் வருடம் அவர் இவர்களை இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அழகன்குளம் கூட்டிப்போனார். தொல்லியல் துறை தோண்டிய பழைய துறைமுகம். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம். குழியை எல்லாம் மூடிவிட்டார்கள், தென்னையும் வீடுகளும்தான். அந்தக் கோட்டைமேட்டில் நின்றுகொண்டு, இந்த இடத்தில் ரோம் நாட்டுக் காசு கிடைத்தது, பானை ஓட்டில் கப்பல் ஒன்றைக் கீறி வைத்திருந்தார்கள் என்று சொல்லி, அந்தக் கப்பலின் படத்தையும் கொடுத்திருக்கிறார்.

அதை நோட்டில் பார்த்து வரைந்துகொண்டு வந்தாள். ராத்திரி சாப்பிடும்போது என்முன் நீட்டி, "அப்பா, இதுல அணியம் எந்தப் பக்கம்?" என்றாள். அணியம் என்றால் படகின் முன்பக்கம். எனக்கு டீசல் இன்ஜின் தெரியும், பாய் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அனுப்பினேன். அவர் சின்ன வயதில் பாய் கட்டிய வத்தையில், அதாவது சின்ன மரப்படகில், போனவர். அணியத்தில் ஆரம்பித்து வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் போய், எந்தக் காற்றுக்குப் பாயை எப்படித் திருப்ப வேண்டும் என்று பதினோரு மணி வரைக்கும் சொல்லியிருக்கிறார். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் வாத்தியார் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம். மூன்றாம் வருடம் அதுவே அவளுடைய புராஜெக்ட் ஆனது. பெரியவரிடம் ஒரு காப்பி கொடுத்தோம். வாசிக்க வராது, ஆனாலும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பி.காம். கிடைக்காத கோபம் அதற்குள் அவளுக்குப் போயிருந்தது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்றேன்? அமாவாசைதான்.

கும்பிட வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களால்தான் ராமேஸ்வரம் பிழைக்கிறது. ஆனால் ஆடி, மகாளய, தை என்று பெரிய அமாவாசைகளுக்கு மட்டும்தான் கூட்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மாதா மாதம் உண்டு. அன்றைக்குக் காலையில் பாம்பனில் ஏறுவதே கஷ்டம், விடிய விடியத் தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிறவர்கள் ராமேஸ்வரத்திலேயே பஸ்ஸை நிரப்பிவிடுவார்கள். சாயங்காலம் இன்னும் மோசம். ராமநாதபுரத்திலிருந்து வருவதெல்லாம் நிறைமாத வண்டிகள், கல்லூரி ஸ்டாப்பில் நிற்காது. டிரைவர் கட்டைவிரலைப் பின்னால் காட்டிவிட்டுப் போவார், பின்னாடி வண்டி வருகிறது என்று அர்த்தம். பின்னால் வருகிறவரும் அதே கட்டைவிரலைக் காட்டுவார். கூட்டம் இல்லாத நாளிலேயே சில எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்காது.

சேர்ந்த புதிதில் சில நாள் சாயங்காலம் ரயிலில் வந்தாள், நிம்மதியாக இருந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 1914-ல் திறந்த பாலம், நிறுத்தியது சரிதான். ஆனால் அப்புறம் எந்த ரயிலும் மண்டபத்தைத் தாண்டவில்லை. ரயிலில் வருகிற கூட்டம் முழுக்க வழியிலேயே இறங்கி பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டும். அப்போது எங்கள் பிள்ளைகள் எதில் ஏறுவது? புதுப்பாலத்தை 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தார்கள். அன்றைக்கு இவள் கடைசி செமஸ்டருக்கு வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் ரயில் ஓடியது அவளுடைய முதல் சில மாதம் மட்டும்.

சரி, பஸ் நிற்காததற்குக் கல்லூரி என்ன செய்யும் என்று கேட்கலாம். முதல் வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வருகைப்பதிவில்தான். 75 சதவீதம் வேண்டும். முதல் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் போச்சு. அமாவாசைக்கு அமாவாசை அரை நாள், பௌர்ணமி, சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்கள் வண்டி, இடையில் இரண்டு நாள் காய்ச்சல். நாலாவது செமஸ்டரில் 72-க்கு வந்து நின்றது. குறைவுக்கு அபராதம் கட்டு என்றார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஏழு பிள்ளைகளுக்கும் அதே கதை. நாங்கள் நாலு பெற்றோர் சேர்ந்து போய், கல்லூரி ஸ்டாப்பில் பஸ் நிற்க போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள், அமாவாசை அன்றைக்கு மட்டும் முதல் பீரியடில் அரை மணி நேரம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டோம். அலுவலகத்தில் இருந்தவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அமாவாசைக்கெல்லாம் ஓ.டி. தர முடியாதுங்க" என்றார். ஓ.டி. என்றால் வராத நேரத்தையும் வந்ததாகக் கணக்கு வைப்பது. கடிதம் எழுதுகிறோம் என்றார்கள். மூன்றாவது வருடம் முடிகிற வரைக்கும் எழுதவில்லை. பீஸுக்குத் தவணை கொடுக்க ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்ட அதே இடம்தான்.

மாப்ளே, இப்போது ரயில் ஓடுகிறது. உன் மகளுக்கு இந்தத் தொல்லை பாதியாவது இருக்காது. வாத்தியார் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருடம் இருக்கிறது. பீஸும் நம்மால் கட்டக்கூடியது. எல்லாம் தெரிந்தும் சொல்கிறேன், வேண்டாம். நாளைக்குக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. இன்றைக்குக் கேட்டால் இதுதான்.

நேற்றும் அமாவாசை. டி.சி.யைக் கையில் வாங்கி ஸ்டாப்புக்கு வந்தபோது மணி ஒன்று. ஐந்து வண்டி, ஐந்து கட்டைவிரல். கடைசியில் ஆட்டோ பிடித்து உச்சிப்புளி ஸ்டேஷன் போய் ரயில் ஏறினோம். புதுப்பாலத்தில் நான் போவது முதல் தடவை. ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்துவிட்டு அவள் டி.சி.யை எடுத்து வாசித்துக்கொண்டு வந்தாள். "நடத்தை: நன்று" என்று சத்தமாக வாசித்துச் சிரித்தாள். பாதிப் பாலத்தில் சிரிப்பு நின்றது.

"அப்பா, இனிஷியல் தப்பா இருக்கு."

மறுபடியும் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். ஆடி அமாவாசை ஜூலை 24. அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.